சாவுக்கு முறை உண்டு, மற்றதற்கு?



'துன்பத்தில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதுக்கெல்லாமா சார் கூட்டம் போடுவாங்க? மனசு இருந்தா தானா வந்துட்டுப் போகுது" என்றார். தானாக வராது என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எங்க பெரியப்பாவுக்கும் இதே வியாதிதான், ஆறே மாசம்" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறாரே ஒருவர், அவர் கெட்டவரா? இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து, கைக்காசு போட்டுப் பழம் வாங்கி வந்திருக்கிறார். மனசில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் பழக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம்மில் யாருக்கும் இந்தத் தடுமாற்றம் வருவதில்லை. சாவு வீடு.

அங்கே போகிறவரிடம் ஊர் ஒரு புத்திசாலித்தனமான வார்த்தையைக்கூட எதிர்பார்ப்பதில்லை. செருப்பை ஓரமாக விடுகிறார். மாலையைப் போடுகிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வாசலில் நிற்கும் பங்காளிகளின் நீட்டிய கைகளைத் தன் கைகளால் தொட்டுவிட்டுப் பந்தலில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கடமை முடிந்தது. பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து அவர்களைத் தோளோடு கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். அந்த வட்டத்தைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். எல்லோரும் செத்தவருக்காக மட்டும் அழவில்லை. ஒருத்தி போன வருஷம் போன தன் அம்மாவுக்கு அழுகிறாள். இன்னொருத்தி பேர் சொல்ல முடியாத ஏதோ ஒன்றுக்கு அழுகிறாள். யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஒரு வீட்டுத் துக்கத்தில் நாலு வீட்டுத் துக்கம் சேர்ந்து கரைய அங்கே இடம் இருக்கிறது.

அடுப்பு விஷயத்தைப் பாருங்கள். எடுக்கிறவரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் காப்பி வந்துவிடும். எடுத்தபிறகு சம்பந்தி வீட்டுச் சாப்பாடு. பந்தல்காரரிடம் ஒருவர் போவார், சுடுகாட்டு வேலைக்கு ஒருவர், ஊர் ஊராகப் போன் போட்டுச் சொல்ல ஒருவர். கைக்குழந்தையை யாரோ ஒரு சின்னப் பெண் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுவாள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று அங்கே யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்கவே வேண்டியதில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்பது உறவுமுறையிலேயே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. கிளம்பும்போதும் சங்கடம் கிடையாது. 'போய்ட்டு வர்றேன்' சொல்லக்கூடாது என்பதால், என்ன சொல்லி விடைபெறுவது என்ற கவலையும் மிச்சம். பிறகு பால், எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டைத் தனியாக விடமாட்டார்கள்.

இதைச் சொன்னவுடன் முன்னோர் பெருமை பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இதே முறைதான், காலையில் கட்டிக்கொண்டு அழுத அதே பெண்களை வைத்தே, பத்தாம் நாள் இரவில் ஒருத்தியின் பூவையும் வளையலையும் தாலியையும் பறித்திருக்கிறது. அவளுக்குத் தேவைப்பட்ட ஆறுதலுக்கு நேர் எதிரான சடங்கு அது. யார் எந்தத் தெருவுக்குள் துக்கம் கேட்க வரலாம், யார் பறையடித்துவிட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று சாதி பார்த்ததும் இதே முறைதான். அதையெல்லாம் பாதுகாக்கச் சொல்லி நான் வரவில்லை. நல்ல மனசை மட்டும் நம்பாமல், நல்ல மனசு செய்ய வேண்டிய வேலை இன்னது என்று எழுதி வைத்த ஒரு சமூகம் இது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். சாவைத் தவிர மற்ற துன்பங்களுக்கு நம்மிடம் என்ன முறை இருக்கிறது?

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்த வீட்டுக்கு எத்தனையாம் நாள் போக வேண்டும்? அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது யார் பொறுப்பு? ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகலாமா, கூடாதா? விவாகரத்தாகி அப்பா வீட்டுக்குத் திரும்பிவந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள எந்தப் பங்காளிக்கு உரிமை? மகன் குடியிலிருந்து மீளாத வீடு, கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போன வீடு, மனநோய் மாத்திரையை அலமாரிக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிடும் வீடு... இவற்றுக்கெல்லாம் பந்தலும் கிடையாது, பதினாறும் கிடையாது.

முறை இல்லாத இடத்தில் நாம் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

கரு கலைந்தவளிடம், "சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியா நிக்கும்." வேலை போனவரிடம், "எல்லாம் நல்லதுக்குத்தான், வெளிநாட்டுக்கு டிரை பண்ணுங்க." புற்றுநோய் என்று கேள்விப்பட்ட நிமிஷம் முள்சீத்தா இலை பற்றிய வாட்ஸ்ஆப் வீடியோ வந்து விழும். அனுப்பியவர் அதை முழுதாகப் பார்த்திருக்கவும் மாட்டார். கூடவே கோதுமைப்புல் சாறு, ஒரு சாமியார் முகவரி. "தைரியமா இருங்க" என்று ஒன்று இருக்கிறதே, அதைவிடச் சுலபமான வாசகம் தமிழில் இல்லை. தைரியமாக இருக்கும் வேலையையும் துன்பப்படுகிறவர் தலையிலேயே கட்டிவிட்டு நாம் கிளம்பிவிடலாம். எழுத வராதவர்கள் 'ஆழ்ந்த இரங்கல்' ஸ்டிக்கரைச் சாவுக்கும் போடுகிறார்கள், கார் விபத்தில் பம்பர் நசுங்கியதற்கும் போடுகிறார்கள். இரண்டையும் நான் ஒரே குழுவில் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படிப் பேசுகிறோம்? பைபிளில் யோபு என்கிற மனிதரின் கதை இருக்கிறது. சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் தூர ஊர்களிலிருந்து வருகிறார்கள். அடையாளமே தெரியாத அளவுக்கு அவர் உருக்குலைந்திருப்பதைப் பார்த்துக் கதறுகிறார்கள். பிறகு ஏழு நாள், இரவும் பகலுமாக, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவரை அவர்களைப் போல நண்பர்கள் உலகத்திலேயே கிடையாது. அதற்குப் பிறகு பேச ஆரம்பிக்கிறார்கள். அதோடு போயிற்று. நீ ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வருமா என்று மாற்றி மாற்றி அந்த மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபப்படுகிறார்.

அந்த மூவர் மேலும் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. அவர்களைப் பேசவைத்தது பயம். இத்தனை நல்லவனுக்குக் காரணமே இல்லாமல் இப்படி வரலாம் என்றால், நாளைக்கு எனக்கும் வரலாம். அவன் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தத் தப்பைச் செய்யாத நான் தப்பித்தேன். நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி என்ன? "சிகரெட் பிடிப்பாரா?" 'ஆமாம்' என்று பதில் வந்தால் நமக்குள் ஒரு பூட்டு 'டக்'கென்று விழுகிறது, கவனித்திருக்கிறீர்களா? "அப்பவே சொன்னேன்" என்பதும், "அந்தப் பையன் படிப்புல முன்னாடியே சுமார்தான்" என்பதும் அதே பூட்டுதான். ஆறுதல் என்ற பெயரில் நாம் சொல்வதில் பாதி நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

சரி, முறை இல்லாத துன்பத்துக்குப் புதிதாக ஒரு முறையை யாராவது உண்டாக்கியிருக்கிறார்களா? உண்டாக்கியிருக்கிறார்கள். ஒன்று லண்டனில், தற்செயலாக நடந்தது.

சாட் வாரா என்பவர் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1935இல், லிங்கன் என்ற ஊரில் இளம் பாதிரியாராக இருந்தபோது பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் அடக்கத்தை அவர் நடத்த நேர்ந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டவள். முதல்முறை மாதவிலக்கு வந்ததை ஏதோ பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்திருக்கிறாள். கேட்க ஆளில்லை. ஒரே ஒரு பெரியவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அது அவர் மனதில் தங்கிவிட்டது. 1953 நவம்பரில், லண்டன் நகரத்து செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் இருந்தபடி, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். பத்திரிகையில் செய்தி வந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. போனில் பேசியவர்கள் போக, நேரிலும் வரிசையாக வந்தார்கள். அவர் ஒரே ஆள்.

உதவுகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். டாக்டர்கள் இல்லை, மனநல நிபுணர்கள் இல்லை, சாதாரண ஆட்கள். அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல், காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள் என்று வெளி அறையில் விட்டார் சாட் வாரா. அங்கேதான் விஷயம். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் பேசியவர்கள், தங்கள் முறை வரும்போது, "பாதிரியாரைப் பார்க்க வேண்டாம், இப்போது பரவாயில்லை" என்று எழுந்து போக ஆரம்பித்தார்கள். உள்ளே நிபுணர் கொடுத்த ஆலோசனையைவிட வெளி அறையில் டீயோடு கிடைத்த காது பலருக்குப் போதுமானதாக இருந்தது. இதில் அந்தப் பாதிரியாரை நான் கும்பிடுவேன்: தன்மானம் பார்க்காமல் அதை ஒத்துக்கொண்டார். சில மாதங்களில், 1954 பிப்ரவரியில், தொலைபேசியையே அந்த டீ போட்டவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்று இன்றும் இயங்கும் அமைப்பு அது.

அதே வழியில் 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது சினேகா. அங்கும் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். தீர்ப்புச் சொல்வதில்லை, அறிவுரை சொல்வதில்லை, கேட்பது வேலை. ஆனால் சினேகாவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது வேறு. பரீட்சை முடிவு வரும் நாட்கள் எப்படிப்பட்டவை என்று தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பாடத்தில் போனால் ஒரு வருஷமே போய்விடும் என்ற நிலை அப்போது. "மார்க்கா பெருசு, மனசைத் தேத்திக்கோ" என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தோற்றவர்கள் உடனே மறுபடி எழுத வழி செய்யுங்கள் என்று அரசிடம் வலியுறுத்தினார்கள். துணைத்தேர்வு வந்தது. இரண்டு மாதத்துக்குள் எழுதி, அதே வருஷம் கல்லூரியில் சேர முடிந்தது. அதன்பின் தேர்வுத் தோல்வியை ஒட்டிய சாவுகள் குறைந்ததாக லட்சுமி விஜயகுமார் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. பூச்சிமருந்தை விவசாயிகள் வீட்டு மூலையில் வைக்காமல், பொது இடத்தில் பேங்க் லாக்கர் மாதிரிப் பெட்டிகளில் பூட்டி வைக்கும் ஏற்பாடு. சாவி அவரவரிடமே. ஆனால் கோபத்திலோ விரக்தியிலோ எழும் அந்த ஒரு வேகத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது, ஒரு காவலாள் முகம் இருக்கிறது. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்தக் கொஞ்ச நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஒரு இரும்புப் பெட்டியும் ஆறுதல் சொல்லலாம். இப்படியும் யோசிக்க வேண்டும்.

பின்வரிசையில் செவிலியர் பயிற்சி மாணவிகள் இருப்பதால் கோழிக்கோட்டையும் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் தொழிலுக்கு நேராக வருகிற விஷயம். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பிரிவில் இருந்தவர். கடும் வலியோடு வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார். பெரிய வெற்றி. இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் அந்த நோயாளிக்கு, தன் புற்றுநோய்க்கு வைத்தியம் இல்லை என்பது புரிந்தது. அதுவரை இந்த ஊசியை வைத்தியத்தின் தொடக்கம் என்றே நினைத்திருக்கிறார். வீட்டுக்குப் போனவர் அன்றே உயிரை மாய்த்துக்கொண்டார். நான் நரம்பைப் பார்த்தேன், மனிதனைப் பார்க்கவில்லை என்ற பொருளில் ராஜகோபாலே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

1993இல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புரம் மாவட்டத்தில் அது ஊர் வேலையாகவே மாறியது. வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், ஆசிரியர், கடைக்காரர், குடும்பத் தலைவி என்று யாரானாலும், சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் வார்டில் எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்று கண்டுபிடித்துப் போனார்கள். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுவார். தன்னார்வலர் மற்றதைப் பார்ப்பார். மற்றது என்றால், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, ஆறு மாதமாக வாசல்படி தாண்டாத அந்த மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் வரை யார் பக்கத்தில் உட்காருவது. பணம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் சிறுகச் சிறுகப் போட்டது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. சாவு வீட்டில் நாம் மூன்று நாள் செய்வதை, அந்த மனிதர்கள் சாவுக்கு முன்னால் மூன்று வருஷம் செய்தார்கள்.

அமைப்பு இருந்தால்தான் முடியும் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒருவர், மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிவிட்டது. தெருவே நல்ல தெருதான், அதனால்தான் தொல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "எங்கயாச்சும் சொல்லி வச்சிருக்கீங்களா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து விடிவதற்கு முன்பே டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார். பிறகு நாள் முழுக்க வெளியே தலை தெரியாது. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். வளவளவென்று பேசக்கூடியவர். ஒருநாள் சாயங்காலம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, இது சுத்த மாட்டேங்குது. கடையில குடுத்தா முழுசா முழுங்கிருவான். கொஞ்சம் பாருங்க."

ஃபிட்டர் திருப்புளியை எடுத்துவந்து அடிமூடியைக் கழற்றினார். கழற்றிய திருகாணிகளைக் கண்டக்டர் ஒரு செய்தித்தாள் துண்டில் வரிசை மாறாமல் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார். "கார்பன் தேஞ்சிருச்சு" என்றார் ஃபிட்டர். அதே குரலில், தலை நிமிராமல், "மூணு மாசமா பொண்ணுக்கு பீஸ் கட்டல" என்றார். கண்டக்டர் "ம்" என்றார். அவ்வளவு பேசுகிற மனிதர் அன்றைக்கு "ம்" தவிர வேறு எதையும் சொல்லவில்லை. மோட்டாரைத் துடைத்து, புது கார்பன் வாங்கிவரச் சொல்லி, மறுநாள் மாட்டுவதற்குள் பெரும்பாலானதும் வெளியே வந்துவிட்டது. மாமனாரிடம் கேட்ட கடன், தூக்கம் வராதது, எல்லாம். ஆண்பிள்ளைகள் நேருக்கு நேர் உட்காரவைத்து "மனசுல என்ன?" என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். கைக்கு வேலை கொடுத்துப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். அதைவிட முக்கியம், ஊரெல்லாம் உதவட்டுமா என்று கேட்ட ஒருவரிடம் இந்த மனிதர் உதவி கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் யாருடையதோ இஸ்திரிப் பெட்டி வந்தது.

அதற்குப்பின் அவர் ரிப்பேர்க் கடை வைத்து ஓகோவென்று வந்தார் என்று முடித்தால் கை தட்டுவீர்கள். அப்படி நடக்கவில்லை. ஏடிஎம் ஒன்றில் இரவுக் காவலுக்குப் போனார், பாதிச் சம்பளத்துக்கு. ஆனால் டீக்கடைக்கு எல்லோரும் போகிற நேரத்துக்குப் போக ஆரம்பித்தார்.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, சாவு வீட்டில் தெரிந்ததை இங்கே கொண்டுவந்தால் போதும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாமல், "வியாழக்கிழமை உங்க பையனை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லலாம். கீமோவுக்குப் போகிறவருக்கு முள்சீத்தா வேண்டாம், அன்றைக்குக் காலை ஆட்டோவோடு வாசலில் நிற்கிற ஆள் வேண்டும். கரு கலைந்த வீட்டுக்கு ரசமும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்து, பாத்திரத்தை உடனே திருப்பிக் கேட்காமல் வரலாம். அழுதால் அழ விடுங்கள். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை அவசரமாக நீட்டுவதுகூடச் சிலருக்கு 'நிறுத்து' என்று கேட்கும். அவர் கதையின் நடுவில் உங்கள் பெரியப்பா கதையை நுழைக்காதீர்கள், பெரியப்பா பொறுத்துக்கொள்வார். பதினாறோடு எல்லோரும் மறந்துவிடுகிற வீட்டுக்கு, நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போங்கள். ஆள் வந்து அலுத்த முதல் வாரத்தைவிட அப்போதுதான் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேசினால், அல்லது வைத்திருந்த பொருளையெல்லாம் காரணமில்லாமல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால், கேட்டுவிடுங்கள். சுற்றி வளைக்காமல், "செத்துரலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு வருவது நிம்மதி. 'ஆமாம்' என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், குடும்ப மானத்தைப் பேசாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள், ஆபத்தான பொருள்களை அங்கிருந்து அகற்றுங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முன்பு இதில் போலீஸ் பயமும் இருந்தது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டம் 1860இலிருந்து நம்மிடம் இருந்தது, அதனாலேயே வீடுகள் வாயை மூடிக்கொண்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சைக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. சட்டமே முறையை மாற்றிக்கொண்டது. தெரு மாற்றிக்கொள்வது அதைவிடச் சிரமமாக இருக்காது.

கேட்பவருக்கும் களைப்பு வரும். இரவு பகலாக ஒருவர் துன்பத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் தூக்கம் போகும், எரிச்சல் வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாவு வீட்டில்கூட அழுகிற வட்டத்திலிருந்து ஆட்கள் முறைபோட்டு எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரே ஆள் தாங்காமல் நாலு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அவைத் தலைவர் கைக்கடிகாரத்தை இரண்டாம் தடவை பார்க்கிறார். கைபேசியை எடுத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சினேகா: 044-24640050. மத்திய அரசின் டெலி-மானஸ், இரவு பகல் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம்: 14416. பின்வரிசைக்குக் கேட்டதா? 14416. கேள்விகள் இருந்தால் மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், மாணவிகளிடமிருந்து ஆரம்பிக்கலாம்.